எக்செல்லுக்குள் வைத்த வேர்டு ஆவணம் ஏன் முழுவதும் அச்சாவதில்லை?

கணக்கும் கடிதமும் சேர்த்தே கேட்கப்படும் இடங்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏராளம். சுய உதவிக் குழுவினர் வங்கியில் கடன் கேட்கப் போனால் சேமிப்புக் கணக்கோடு தீர்மானத்தின் நகலையும் கேட்பார்கள். ரப்பர் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டவர், மாதாந்திரப் பால் கணக்கோடு ஒப்பந்த நிபந்தனைகளும் கையில் இருக்க வேண்டும் என்பார். பள்ளியிலும் கல்லூரியிலும் செய்முறை அறிக்கை கொடுக்கும் மாணவர்களுக்கும் இதே நிலைதான். கணக்கு எக்செல்லில் இருக்கிறது, எழுத்து வேர்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துவிட்டால் ஒன்று இருந்து மற்றொன்று தவறிப்போகும் தொல்லை இராது என்று கருதி, வேர்டு ஆவணத்தை எக்செல் தாளுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அந்த எண்ணத்தில் தவறு எதுவும் இல்லை. ஆனால் உள்ளே வைத்தது எல்லாம் அச்சிலும் வந்துவிடும் என்று அடுத்து ஒரு முடிவுக்கு வருகிறார்களே, அதுதான் தவறு.

தக்கலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கண்டதைச் சொல்கிறேன். குழுத் தலைவி ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்த எக்செல் கோப்பில், சேமிப்பு அட்டவணைக்குக் கீழே மூன்று பக்கத் தீர்மானம் வேர்டு ஆவணமாக வைக்கப்பட்டிருந்தது. அச்சில் அட்டவணை சரியாக வந்தது. தீர்மானத்தின் முதல் பக்கம் மட்டும் வந்தது. அதிலும் கடைசி இரண்டு வரிகள் அடுத்த தாளின் தலையில் போய் விழுந்திருந்தன. “தம்பி, மூணு பக்கம் வச்சிருந்தேனே, ஒண்ணுதானே வந்திருக்கு?” என்று அவர் கேட்டதற்கு, “பிரிண்டர்ல ஏதோ கோளாறு அக்கா, இன்னொரு தடவை போட்டுப் பாக்கேன்” என்றார் கடைக்காரர். மறுமுறையும் அதேதான் வந்தது. அச்சுப்பொறியில் ஒரு கோளாறும் இல்லை. தனக்குக் காட்டப்பட்டதை அது அப்படியே அச்சிட்டுக் கொடுத்திருந்தது. மீதி இரண்டு பக்கங்கள் அதற்குக் காட்டப்படவே இல்லை.

இந்தக் கட்டுரை கணினியில் புதிதாகப் பழகுகிறவர்களுக்கானது. எக்செல்லுக்குள் ஓர் ஆவணத்தை வைக்கும்போது கணினி என்ன செய்கிறது, அச்சிடும்போது எதை எடுத்துக்கொள்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், எந்த நேரத்தில் எந்த வழியைப் பிடிப்பது என்பது தானாகவே விளங்கும்.

## உள்ளே இருப்பது வேறு, முகத்தில் தெரிவது வேறு

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை நினைத்துப் பாருங்கள். அந்தக் கட்டில் ஓர் ஆண்டுக்கான தாள்கள் அத்தனையும் இருக்கின்றன. ஆனால் சுவரை ஒரு புகைப்படம் எடுத்தால் படத்தில் விழுவது மேலே இருக்கும் ஒரே ஒரு தாள்தான். அடியில் இருக்கும் தாள்கள் எங்கும் போய்விடவில்லை. கையால் புரட்டினால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கேமராவுக்குப் புரட்டத் தெரியாது, அவ்வளவே.

எக்செல் தாளுக்குள் வைத்த வேர்டு ஆவணமும் இப்படித்தான் இருக்கிறது. ஆவணம் முழுவதும் கோப்புக்குள் பத்திரமாக இருக்கிறது, அதன் மேல் பக்கத்தின் படம் மட்டும் தாளில் தெரிகிறது. டபுள் கிளிக் செய்வது புரட்டிப் பார்ப்பதற்குச் சமம். அச்சிடுவது புகைப்படம் எடுப்பதற்குச் சமம்.

## கணினி உண்மையில் செய்வது என்ன?

ஒரு மென்பொருளில் உருவான கோப்பை இன்னொரு மென்பொருளின் கோப்புக்குள் வைப்பதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1990-இல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. அதன் பெயர் ஓ.எல்.இ., அதாவது ‘ஆப்ஜெக்ட் லிங்கிங் அண்ட் எம்பெடிங்’. 1993-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலிருந்து, வைத்த ஆவணத்தை டபுள் கிளிக் செய்தால் எக்செல் சாளரத்துக்குள்ளேயே வேர்டின் கருவிப் பட்டைகள் தோன்றி, அங்கேயே திருத்தும் வசதியும் வந்தது. இன்றைக்கு நாம் எக்செல்லில் ‘இன்செர்ட்’ பகுதிக்குப் போய் ‘ஆப்ஜெக்ட்’ என்பதை அழுத்தும்போது பயன்படுத்துவது அதே முறையைத்தான்.

இப்படி உள்ளே வைக்கப்படும் ஆவணத்துக்கு ஆப்ஜெக்ட் என்று பெயர். தாளின் கட்டங்களுக்குள் அது இருப்பதில்லை. கட்டங்களுக்கு மேலே மிதக்கும் ஒரு சட்டமாக இருக்கிறது. ஆகவே ‘பி5 கட்டத்தில் ஆவணத்தை வைத்தேன்’ என்று சொன்னாலும், உண்மையில் அது பி5-க்கு மேல் நிற்கிறதே தவிர அந்தக் கட்டத்தின் உள்ளடக்கம் ஆகிவிடவில்லை. பி5 கட்டம் அடியில் காலியாகவே இருக்கிறது.

ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் இரண்டு பகுதிகள் உண்டு: ஒன்று மூல ஆவணம், மற்றொன்று அதன் முன்தோற்றப் படம். ஆவணத்தை உள்ளே வைக்கும் வேளையில் எக்செல் வேர்டை அழைத்து, ‘இதன் தோற்றத்தை ஒரு படமாகக் கொடு’ என்று கேட்கிறது. வேர்டு முதல் பக்கத்தைப் படமாக்கிக் கொடுக்கிறது. எக்செல் அந்தப் படத்தைத் தாளில் ஒட்டிவைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு யாராவது டபுள் கிளிக் செய்து உள்ளே நுழையும்வரை எக்செல்லுக்கு வேர்டின் உதவி தேவையே இல்லை. திரையில் காட்டுவதற்கும் அச்சுக்கு அனுப்புவதற்கும் அந்தப் படமே அதற்குப் போதும். வேர்டு நிறுவப்படாத கணினியில்கூட அந்தத் தாளைத் திறந்தால் கடிதம் தெரிகிறது, அச்சாகவும் செய்கிறது, ஆனால் திறந்து திருத்த மட்டும் முடிவதில்லை. அதற்குக் காரணம் இதுதான்.

இதை நீங்களே கண்ணால் பார்த்து உறுதிசெய்யலாம். எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். என்று முடியும் இன்றைய எக்செல் கோப்பு, உண்மையில் பல சிறு கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் கோப்புதான். வேர்டு ஆவணம் வைத்த ஓர் எக்செல் கோப்புக்கு ஒரு நகல் எடுங்கள். நகலின் பெயரில் கடைசியில் இருக்கும் எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். எக்ஸ்.எல். என்ற கோப்புறைக்குள் ‘எம்பெடிங்ஸ்’ என்று ஒரு கோப்புறையும் ‘மீடியா’ என்று இன்னொரு கோப்புறையும் இருக்கும். முதலாவதில் உங்கள் வேர்டு ஆவணம் மூன்று பக்கங்களோடும் அப்படியே இருக்கும். இரண்டாவதில் முதல் பக்கத்தின் படம் மட்டும் இருக்கும். அச்சிடும்போது எக்செல் இரண்டாவது கோப்புறையில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்கிறது. எக்செல்லைப் போன்ற லிப்ரே ஆபீஸ் கால்க் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களின் ஓ.டி.எஸ். கோப்பும் ஜிப் கோப்புதான். அதிலும் ஆவணம் ஓரிடத்திலும் அதற்குப் பதிலாகக் காட்ட வேண்டிய படம் வேறிடத்திலுமாகவே இருக்கும்.

இதுவரை பார்த்தது: உள்ளே வைத்த ஆவணம் முழுதாகச் சேமிக்கப்படுகிறது, தாளில் தெரிவது அதன் படம், அச்சாவது அந்தப் படம் மட்டுமே. மூன்று பக்க ஆவணத்தில் ஒரு பக்கம் அச்சாவது கோளாறு அல்ல, அந்த முறை வகுக்கப்பட்ட விதமே அப்படி.

## பதிப்பதும் இணைப்பதும்

‘ஆப்ஜெக்ட்’ பெட்டியில் ‘கிரியேட் ஃப்ரம் ஃபைல்’ என்பதைத் தேர்ந்து கோப்பைக் காட்டியபின், கீழே ‘லிங்க் டு ஃபைல்’ என்று ஒரு சிறு சதுரம் இருக்கும். பலரும் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். அந்தச் சதுரத்தில் குறியிடாவிட்டால் நடப்பது பதித்தல்: ஆவணத்தின் ஒரு நகல் எக்செல் கோப்புக்குள் நுழைந்துவிடுகிறது; பழைய வேர்டு கோப்புக்கும் இந்த நகலுக்கும் அதன்பின் எந்த உறவும் இல்லை. குறியிட்டால் நடப்பது இணைத்தல்: எக்செல் கோப்புக்குள் படமும், மூலக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்ற முகவரியும் மட்டும் பதிவாகின்றன, ஆவணம் வெளியிலேயே இருக்கிறது.

இரண்டும் வெவ்வேறு வகையில் நம்மை ஏமாற்றக்கூடியவை. பதித்துவிட்டு, பிறகு மூல வேர்டு கோப்பைத் திறந்து ஒரு தொகையைத் திருத்துகிறவர், எக்செல்லிலும் திருத்தம் வந்திருக்கும் என்று நம்பி அச்சிடுகிறார். வருவது பழைய தொகை. இணைத்தவரின் சிக்கல் முகவரியில் இருக்கிறது. வீட்டுக் கணினியில் டி டிரைவில் இருந்த கடிதத்தை இணைத்துவிட்டு, எக்செல் கோப்பை மட்டும் பென் டிரைவில் ஏற்றி மார்த்தாண்டத்துக்குக் கொண்டுபோனால், கடைக் கணினியில் அந்த முகவரியில் எதுவும் இருக்காது. அப்போதும் படம் தெரியும், அச்சும் ஆகும். ஆனால் அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டதோ அன்றைய நிலையில் உள்ள படம். கோப்பைத் திறக்கும்போது ‘இணைப்புகளைப் புதுப்பிக்கவா’ என்று எக்செல் கேட்கும் கேள்விக்கு அவசரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாலும் இதேதான் நடக்கும். பார்வைக்குச் சரியாகத் தெரியும் ஒரு பழைய படத்தை அச்சிட்டு, முத்திரை வைத்து, அலுவலகத்தில் கொடுத்துவிடுகிற அபாயம் இதில் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன். அச்சே வராமல் போனால் உடனே தெரிந்துவிடும்; பழைய எண்ணோடு வந்தால் யாருக்கும் தெரியாது.

என் கருத்து இது: கோப்பு ஒரே கணினியில் இருந்து, கடிதம் அடிக்கடி மாறுமானால் இணைக்கலாம். கோப்பு வெளியே பயணம் போகுமானால் பதிப்பதே பாதுகாப்பு.

## சில ஆவணங்களுக்கு முகமே இல்லை

நோட்பேடில் எழுதிய டி.எக்ஸ்.டி. வகைக் கோப்பை எக்செல்லில் வைத்தால் எழுத்து எதுவும் தெரியாது. ஒரு சின்ன ஐகானும் கோப்பின் பெயரும் மட்டுமே தெரியும். நோட்பேடுக்கு வேர்டைப் போலத் தன் பக்கத்தைப் படமாக்கிக் கொடுக்கத் தெரியாது என்பதே காரணம். படம் கொடுக்கத் தெரியாத மென்பொருளின் கோப்பை விண்டோஸ் ஒரு பொட்டலமாகக் கட்டி, மேலே ஐகானை ஒட்டித் தருகிறது. அச்சிலும் அந்த ஐகான்தான் வரும். பி.டி.எஃப். கோப்பைப் பொறுத்தவரை, கணினியில் எந்தப் பி.டி.எஃப். மென்பொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்து முதல் பக்கமோ ஐகானோ தெரியும். வேர்டு ஆவணத்துக்கும் ‘டிஸ்ப்ளே ஆஸ் ஐகான்’ என்பதில் குறியிட்டிருந்தால் ஐகான் மட்டுமே அச்சாகும்.

## படமும் சரியாக வராதபோது

ஒரே பக்க ஆவணம்தான், படம் திரையில் தெரிகிறது, ஆனாலும் அச்சில் வரவில்லை அல்லது வெட்டுப்பட்டு வருகிறது என்றால் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு.

முதலில் படம் அறவே வராத நிலை. ஆப்ஜெக்ட்டின் மேல் வலது கிளிக் செய்து ‘ஃபார்மேட் ஆப்ஜெக்ட்’ என்பதில் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியைத் திறந்தால் ‘பிரிண்ட் ஆப்ஜெக்ட்’ என்று ஒரு குறி இருக்கும். அந்தக் குறி நீக்கப்பட்டிருந்தால் திரையில் தெரிவது அச்சில் வராது. அடுத்ததாக ‘பேஜ் செட்டப்’ பெட்டியின் ‘ஷீட்’ பகுதியில் ‘டிராஃப்ட் குவாலிட்டி’ என்பதில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மையைச் சேமிக்க நினைத்து யாரோ போட்டுவைத்த அந்தக் குறி, படங்கள் அத்தனையையும் அச்சிலிருந்து விலக்கிவிடும். மூன்றாவது, விசைப்பலகையில் கண்ட்ரோலும் 6-உம் சேர்ந்து தற்செயலாக அழுந்தினால் எக்செல் ஆப்ஜெக்ட்டுகள் எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஆவணம் அழிந்துபோயிற்று என்று பதறுகிறவர்கள் மறுபடி அதே விசைகளை அழுத்திப் பார்க்கலாம். லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ‘பேஜ் ஸ்டைல்’ பெட்டியின் ‘ஷீட்’ பகுதியில், எவையெல்லாம் அச்சாக வேண்டும் என்ற வரிசையில் ஆப்ஜெக்ட்டுகளுக்கும் படங்களுக்கும் ஒரு குறி உண்டு.

வெட்டுப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் தாள் அளவு. எக்செல் தன் தாளை ஒரு பெரிய பரப்பாகக் கருதி, அச்சிடும் நேரத்தில் காகித அளவுக்கு ஏற்ப அதைத் துண்டு போடுகிறது. துண்டு விழும் கோட்டின் மேல் ஆப்ஜெக்ட் இருந்தால் அதையும் இரண்டாக வெட்டிவிடும். இது ஒரு கடிதம், இதை வெட்டக்கூடாது என்று அதற்குத் தெரியாது. ‘வியூ’ பகுதியில் உள்ள ‘பேஜ் பிரேக் பிரிவ்யூ’ என்பதை அழுத்தினால் அந்தக் கோடுகள் நீல நிறத்தில் தெரியும். ஆப்ஜெக்ட் முழுவதும் ஒரே பக்க எல்லைக்குள் இருக்கும்படி அதையோ கோட்டையோ இழுத்துக்கொள்ளலாம். வேர்டில் ஏ4 என்றும் எக்செல்லில் லெட்டர் என்றும் காகித அளவு மாறியிருந்தால் இன்னொரு தொல்லை. ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர், லெட்டர் தாளின் நீளம் 279 மில்லிமீட்டர். அந்த 18 மில்லிமீட்டரில் கடிதத்தின் கடைசி வரிகள், பெரும்பாலும் கையெழுத்து இடுகிற இடம், அடுத்த தாளுக்குப் போய்விடும். தக்கலைக் கடையில் இரண்டு வரிகள் அடுத்த தாளில் போய் விழுந்ததற்கும் இதுதான் காரணம்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கும்படி எக்செல்லுக்குச் சொல்லும் வழி இருக்கிறது. பலரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். அட்டவணை சிறியதாக இருந்தால் அது உதவும். நீண்ட அட்டவணைக்குக் கீழே கடிதம் இருந்தால், இரண்டும் சேர்ந்து சுருங்கி, கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தாக வரும். அதைவிடக் கடிதத்துக்குத் தனி ஷீட் ஒதுக்குவதே நல்லது. ஒரே எக்செல் கோப்புக்குள் எத்தனை ஷீட்டுகள் வேண்டுமானாலும் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் அளவும் ஓர அளவும் வைக்கலாம்.

படத்தின் வடிவம் கெடுவதும் உண்டு. ஆப்ஜெக்ட்டை வெறுமனே தேர்ந்து மூலையைப் பிடித்து இழுத்தால் படம் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகும். டபுள் கிளிக் செய்து உள்ளே நுழைந்த நிலையில் சட்டத்தை இழுத்தால் எழுத்தின் அளவு மாறாமல், தெரிகிற பரப்பு மட்டும் கூடும் அல்லது குறையும். இந்த வேறுபாடு தெரியாமல் இழுப்பதால்தான் எழுத்துகள் பக்கவாட்டில் நசுங்கியது போல அச்சாகின்றன. அதே ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில், கட்டங்களோடு சேர்ந்து நகர்ந்து அளவும் மாற வேண்டும் என்ற தேர்வு இருந்தால், ஃபில்டர் போட்டு வரிசைகளை மறைக்கும்போது கடிதமும் ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கிக் காணாமல் போகும். நகரவும் வேண்டாம், அளவும் மாற வேண்டாம் என்று வைத்துவிடுவது, அச்சுக்குப் போகும் தாளுக்குப் பொருத்தமானது.

சுருக்கமாக: படம் வரவில்லை என்றால் குறிகளைப் பாருங்கள், வெட்டுப்பட்டால் பக்கக் கோட்டையும் காகித அளவையும் பாருங்கள், நசுங்கினால் சட்டத்தைப் பாருங்கள்.

## எழுத்தை எல்லாம் ஒரே கட்டத்தில் ஒட்டிவிட்டால்?

ஆப்ஜெக்ட் வேண்டாம், கடிதத்தின் எழுத்தை நகலெடுத்து ஒரே கட்டத்துக்குள் ஒட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு மூன்று வரிக் குறிப்புக்கு அது சரிதான், கடிதத்துக்குச் சரிப்படாது. எக்செல்லின் ஒரு கட்டம் 32,767 எழுத்துக்குறிகள்வரை கொள்ளும். கேட்பதற்குப் பெரிய எண். ஆனால் தமிழில் நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதைக் கணினி பல நேரங்களில் இரண்டாக எண்ணும். ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்து அதன் நீளத்தை எக்செல்லிடம் கேட்டால் 5 என்று சொல்லும்; த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது தனித்தனியே எண்ணுகிறது. அப்படியிருந்தும் கொள்ளளவு ஒரு தடையாக இருக்காது, உயரம்தான் தடை.

எக்செல்லில் ஒரு வரிசையின் உயரம் 409 புள்ளிகளுக்கு மேல் போகாது. 72 புள்ளிகள் ஓர் அங்குலம் என்பதால், 409 புள்ளிகள் என்பது ஏறக்குறைய 14.4 சென்டிமீட்டர், ஏ4 தாளின் நீளத்தில் பாதிகூட இல்லை. வரி ஒன்றுக்கு 18 புள்ளி என்று கொண்டால் 22 வரிகள் மட்டுமே அந்த உயரத்தில் அடங்கும். அதற்குமேல் உள்ள வரிகள் கட்டத்துக்குள் இருக்கும், மேலே ஃபார்முலா பட்டையில் படிக்கலாம், ஆனால் திரையிலும் அச்சிலும் வெட்டுப்பட்டே தெரியும். பத்தி பத்தியாகப் பிரித்து அடுத்தடுத்த வரிசைகளில் ஒட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். அதற்குள் வேர்டில் செய்து வைத்த தலைப்பு அமைப்பும் ஓர அளவும் போயிருக்கும்.

## தமிழ் எழுத்துருவின் தனித் தொல்லை

முன்தோற்றப் படம் என்றவுடன் கைபேசியில் எடுத்த புகைப்படம் போன்றது என்று நினைத்துவிடக்கூடாது. வேர்டு கொடுக்கும் அந்தப் படம் பெரும்பாலும் மெட்டாஃபைல் என்ற வகையைச் சேர்ந்தது. அதில் புள்ளி புள்ளியாக உருவம் பதிவாவதில்லை. ‘இந்த இடத்தில், இந்த எழுத்துருவில், இந்த எழுத்துகளை எழுது’ என்ற கட்டளைகளே பதிவாகின்றன. எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து உடையாமல் தெளிவாக அச்சாவது இதனால்தான். அதே காரணத்தால், கட்டளையில் சொல்லப்பட்ட எழுத்துரு அச்சிடும் கணினியில் இல்லையென்றால் படமே உருமாறிப்போகும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட கடிதங்கள் நம் ஊரில் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் கணினி சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளை. அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுப்பது அந்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் தீர்மானம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக அச்சாகும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் தட்டச்சு செய்திருந்தால் சேமிப்பில் இருப்பதே தமிழ் எழுத்துகள். எழுத்துரு மாறினாலும் லதா, நிர்மலா யு.ஐ. போன்ற வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொண்டு தமிழாகவே வரும், வரிகள் சற்று முன்பின் ஆகலாம். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. புதிதாகத் தட்டச்சு பழகுகிறவர்கள் பாமினியில் தொடங்க வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். பழைய கடிதத்தையே அச்சிட வேண்டியிருந்தால், அது எழுதப்பட்ட கணினியிலேயே பி.டி.எஃப். ஆக மாற்றி எடுத்துச் செல்லுங்கள்; பி.டி.எஃப். தனக்கு வேண்டிய எழுத்துருவைப் பொதுவாகத் தன்னுள்ளேயே சுமந்துகொள்ளும்.

## அப்படியானால் எப்படித்தான் அச்சிடுவது?

பதிக்கப்பட்ட ஆவணத்தின் எல்லாப் பக்கங்களும் வேண்டுமென்றால் நேரான வழி இது: ஆப்ஜெக்ட்டின் மேல் வலது கிளிக் செய்து, ‘டாக்குமெண்ட் ஆப்ஜெக்ட்’ என்பதில் ‘ஓபன்’ என்று கொடுங்கள். ஆவணம் வேர்டின் தனிச் சாளரத்தில் திறக்கும். அங்கிருந்து அச்சிட்டால் மூன்று பக்கங்களும் வரும். அதன்பின் எக்செல்லுக்குத் திரும்பி அட்டவணையை அச்சிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். தலைவி அக்காவுக்கு அன்று வேண்டியிருந்தது இந்த ஒரே ஒரு சொடுக்குதான்.

அட்டவணை, கடிதம், மறுபடி அட்டவணை என்று வரிசை முக்கியமாகவும், பக்க எண்கள் தொடராகவும் இருக்க வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் பி.டி.எஃப். ஆக்கி ஒன்றாகச் சேர்த்து அச்சிடுவது நல்லது. அச்சிடும் கடையில் எந்த மென்பொருள் இருக்கிறது, எந்த எழுத்துரு இருக்கிறது என்ற கவலை எதுவும் அதில் இல்லை. அப்படியல்லாமல் எக்செல் கோப்பிலிருந்தே எல்லாம் வந்தாக வேண்டும் என்றால், மூன்று பக்க ஆவணத்தை மூன்று ஒற்றைப் பக்க ஆவணங்களாகப் பிரித்து, பக்கத்துக்கு ஒரு ஷீட் வீதம் பதிக்க வேண்டும். உழைப்பு அதிகம்; பக்கங்கள் குறைவாக இருந்தால் மட்டும் செய்யலாம்.

எழுத்து நீளமாகவும் அட்டவணை சிறியதாகவும் இருந்தால் திசையை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். எக்செல்லுக்குள் வேர்டை வைப்பதற்குப் பதிலாக, அட்டவணையை நகலெடுத்து வேர்டில் சாதாரண அட்டவணையாக ஒட்டுங்கள். பக்கம் பக்கமாக எழுத்தை ஓடவிடுவது வேர்டின் வேலை. அட்டவணை அந்த ஓட்டத்தில் இயல்பாக அமர்ந்துவிடும், பக்க எல்லை வந்தால் அடுத்த பக்கத்துக்குத் தொடரவும் செய்யும்.

இன்னொரு தேவையும் இதனோடு குழப்பிக்கொள்ளப்படுகிறது. தேனீ வளர்ப்போர் குழு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் துளிர்விட்டுத் தேன் வரும் பருவம் முடிந்தபின், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ‘உங்கள் பெட்டிகளிலிருந்து இத்தனை கிலோ பெறப்பட்டது, இவ்வளவு தொகை’ என்று தனித்தனிக் கடிதம் கொடுக்க வேண்டும். எக்செல்லில் வரிசைக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே ஒரு வேர்டு கடிதத்தைப் பதித்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாற்பது பேருக்கு நாற்பது ஆப்ஜெக்ட்டுகள், கோப்பு திறக்கவே திணறும், கிலோ மாறினால் கடிதத்தில் கையால் திருத்த வேண்டும். இதற்கென்றே வேர்டில் மெயில் மெர்ஜ் என்ற வசதி இருக்கிறது. கடிதத்தை ஒருமுறை மட்டும் எழுதி, பெயர், கிலோ, தொகை வர வேண்டிய இடங்களில் எக்செல்லின் நெடுவரிசைப் பெயர்களைக் காட்டிவிட்டால், ஒவ்வொரு வரிசையிலிருந்தும் விவரத்தை எடுத்து வேர்டே நாற்பது கடிதங்களையும் ஆக்கிக் கொடுக்கும். இங்கே எதுவும் எதற்குள்ளும் வைக்கப்படுவதில்லை. எக்செல் விவரத்தைத் தருகிறது, வேர்டு அச்சிடுகிறது.

## கோப்பை மற்றவருக்கு அனுப்பும் முன்

அச்சில் ஒரு பக்கம்தானே வருகிறது, உள்ளேயும் அவ்வளவுதான் இருக்கிறது என்று எதிர்த் திசையில் தவறாக நினைப்பவர்களும் உண்டு. இந்தத் தவறுக்கு விலை அதிகம். தீர்மானத்தின் முதல் பக்கத்தில் பொதுவான செய்தியும், இரண்டாம் மூன்றாம் பக்கங்களில் உறுப்பினர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கலாம். எக்செல் கோப்பை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பும்போது மூன்று பக்கங்களும் போகின்றன. பெறுகிறவர் டபுள் கிளிக் செய்தால் எல்லாவற்றையும் படித்துவிடலாம். வேர்டு கடிதத்துக்குள் எக்செல் அட்டவணையை ஆப்ஜெக்ட்டாக வைத்தாலும் இதே நிலைதான்: ஐந்து வரிசைகள் தெரிந்தாலும் அந்தக் கோப்பில் உள்ள எல்லா ஷீட்டுகளும் கூடவே பயணம் போகின்றன.

ஆகவே வெளியே போகும் கோப்பில், தெரிய வேண்டிய பக்கத்தை மட்டும் படமாக ஒட்டுங்கள். வேர்டில் அந்தப் பகுதியை நகலெடுத்து, எக்செல்லில் ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ என்பதில் ‘பிக்சர்’ என்று தேர்ந்தால் படம் மட்டும் வரும். ஆவணம் கூட வராது. ஒட்டியபின் அதன்மேல் டபுள் கிளிக் செய்து பாருங்கள். வேர்டு திறக்கவில்லை என்றால் அனுப்பலாம்.